கடற்செலவும் கைக்குழந்தையும்

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். இக்காலத் தமிழில் பணம் கரைதல் என்பது பொருள். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று சொல்லாய்வாளர் கருதக்கூடும் எனினும், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி ஒரு குடும்பம் சொகுசுக் கப்பலில் ஏறும் தறுவாயில் அவை மீண்டும் ஒன்றாகி நிற்பதைக் காணலாம். பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு தயங்குவதை அகப்பொருள் நூலோர் 'செலவழுங்குதல்' என்பர். தேடிய பொருளைக் கரைக்கப் புறப்பட எண்ணிய தலைவன், கட்டணப் பட்டியலில் எட்டு மாதக் குழந்தையும் ஓர் ஆளாக எண்ணப்பட்டிருப்பது கண்டு கணினித் திரையின்முன் தயங்குவதும் அத்துறையின்பாற் படும்.

சொகுசுக் கப்பல் என்பது, ஓர் ஊரில் ஏறியவரை வேறோர் ஊரில் இறக்குவதற்காக அன்றி, ஏறிய ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவதற்காக ஓட்டப்படுவது. இடையில் இரண்டொரு துறைகளைத் தொட்டுக் காட்டுவது. கைக்குழந்தை என்பது, ஈண்டு, பிறந்து ஆறு திங்கள் நிரம்பியதும் மூன்றாண்டு நிரம்பாததுமாகிய மகவு. நடை பழகிய பின்னும் அதனைக் கைக்குழந்தை என்பது பொருந்துமோ எனின், பொருந்தும். கப்பலில் அதைக் கையை விட்டு இறக்குதல் கூடாமையின் என்க.

குழந்தையோடு கடல் கடத்தல் தமிழர்க்குப் புதிதன்று. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓடிய 'ரஜுலா' கப்பலின் திறந்த தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாக இடம்பிடித்துச் சென்ற பல்லாயிரம் பேருள் கைக்குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் போனது பிழைப்புக்காக. இன்று அதே கரையிலிருந்து நான்கு மணி நேரம் விமானத்தில் பறந்து, 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் குடும்பங்கள் போவது ஓய்வுக்காக என்று சொல்லப்படுகிறது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கப்பட்டதாயினும், இக்கட்டுரை சிங்கப்பூர் வழியையே எடுத்துக்கொள்கிறது. சுமத்ராத் தீவு அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஆதலால் அவ்வழியில் நிகழும் எந்த இடையூற்றுக்கும் கடலைக் குறைசொல்ல இயலாது, முழுப் பொறுப்பும் குழந்தையையே சாரும் என்பது ஆய்வாளனுக்குப் பெரும் வசதி.

இப்பொருள் பற்றி முன்னை நூல்கள் என்ன சொல்கின்றன என்று காண்பது முறை. தொல்காப்பிய அகத்திணையியலில், கடல்வழிச் செலவு மகளிரோடு கூடி நிகழ்வதில்லை என்னும் கருத்துப்பட ஒரு நூற்பா உண்டு. குழந்தை பற்றி அங்கே பேச்சே இல்லை. தாய் செல்லாத இடத்துக்குக் குழந்தையும் செல்லாது என்பது வெளிப்படையாதலின் ஆசிரியர் அதைக் கூறாது விட்டார் என்று ஒருசாரார் கொள்ளலாம். தந்தை ஒருவன் தனியே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடப்பான் என்பது ஆசிரியரின் கற்பனைக்கே எட்டவில்லை என்று மற்றொரு சாரார் கொள்ளலாம். பின்னதே வலிமையுடைத்து. இக்காலக் கப்பல்களிலும் தந்தை தனியே குழந்தையோடு தென்படும் இடம் ஒன்றே ஒன்று. அது பின்னர் விளங்கும்.

எனவே இலக்கணத்தை வேறிடத்தில் தேட வேண்டியதாகிறது. தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம், ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பாடிய காலம் தொட்டு, ஒரே ஒரு கருத்தின்மேல் நிற்கிறது: குழந்தையே பாட்டுடைத் தலைவன், பெரியவர் அனைவரும் அதன் அசைவுக்குக் காத்து நிற்பவர். பிள்ளைத்தமிழில் பாவனையாக நிற்கும் இக்கருத்து சொகுசுக் கப்பலில் உண்மையாகிவிடுகிறது. மாலுமித் தலைவர் என்று வெள்ளுடுப்பில் ஒருவர் கப்பலில் இருப்பது உண்மையே. ஆனால் குடும்பம் எப்போது உண்ணும், எப்போது உறங்கும், எத்துறையில் இறங்கும், இறங்காது என்பவற்றை அவர் அறியார். அவற்றை அறிந்தவர் பன்னிரண்டாம் தளத்து உணவுக்கூடத்தில் உயர்நாற்காலியில் அமர்ந்து கரண்டியைக் கீழே போட்டுக்கொண்டிருப்பார்.

பருவங்களை எந்தெந்தத் திங்களில் கொள்வது என்பதில் பாட்டியல் நூல்கள் வேறுபடினும், மூன்றாம் திங்களில் காப்புத் தொடங்கி, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால் என ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஏறி, இருபத்தொன்றில் முடிப்பது ஒரு வழக்கு. கப்பல் நிறுவனங்களோ, ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கரை காணாத பெருங்கடல் பயணமாயின் பன்னிரண்டு திங்கள் கேட்கின்றன. கப்பல் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்கான மருத்துவ வசதி குறைவு, கரை மருத்துவமனை எட்டாத் தொலைவு என்பவையே அதற்குக் காரணம். ஆயினும் இவ்விதி பாட்டியலோடு பொருந்தி நிற்கும் அழகு வியக்கத்தக்கது. தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கும் காப்புப் பருவமும், ஒரு கால் மடக்கித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவமும் கரையிலேயே கழிகின்றன. ஏழாம் திங்களாகிய தால் பருவத்தில் சிறுகடலும், பதின்மூன்றாம் திங்களாகிய வருகைப் பருவத்தில் பெருங்கடலும் திறக்கின்றன. பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழின் தலைவன் அலைவாயிலேயே கோயில் கொண்டவனாயினும் கரையோடு நின்றுகொண்டதற்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும்.

இதனோடு ஒட்டிய மற்றொரு விதியும் நோக்கத்தக்கது. கருவுற்ற மகளிரைப் பெரும்பாலான நிறுவனங்கள் இருபத்துநான்காம் வாரம் தொட்டு ஏற்றுவதில்லை. அவ்வாரம் முதல் பேறுகாலம் வரையுள்ள ஏறத்தாழ நான்கு திங்களையும், பிறந்தபின் காக்க வேண்டிய ஆறு திங்களையும் கூட்டின், ஒரு மனித உயிர் தாயின் உள்ளிருந்தும் சரி, வெளியிருந்தும் சரி, கப்பல் ஏற இயலாத காலம் கிட்டத்தட்டப் பத்துத் திங்கள் ஆகிறது. தாய் பத்துமாதம் சுமப்பது உலகறிந்தது. கப்பல் நிறுவனம் பத்துமாதம் சுமக்க மறுப்பது ஈண்டே முதன்முதலாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இனி, குழந்தையின் எடை. விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை தாய்மடியில் அமர்ந்து, பொதுவாகக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துப் பறக்கும். கப்பலில் மடி என்றோர் இருக்கை இல்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் உருவாகிப் பின் பலமுறை திருத்தப்பட்ட கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்த விதிகளின்படி, பயணிகள் கப்பலின் உயிர்காப்புப் படகு ஆள் ஒன்றுக்கு 75 கிலோ என்று கணக்கிட்டே கட்டப்படுகிறது. 9 கிலோ எடையுள்ள குழந்தையும் அக்கணக்கில் ஓர் ஆளே. எஞ்சிய 66 கிலோ எங்கே என்று வினவுவார்க்கு, டயப்பர் பொதிகள், பால்புட்டிகள், சத்துமாவு, நேந்திரங்காய்ப் பொடி, மாற்றுடுப்புகள், அவற்றுக்கும் மாற்றுடுப்புகள், பாட்டி கொடுத்தனுப்பிய வசம்பு, குழந்தை ஒருபோதும் தொடாத பொம்மைகள் ஆகியவற்றைத் தராசில் இட்டுக் காட்டுதல் தகும். 15 கிலோவுக்கும் 100 சென்டிமீட்டருக்கும் குறைந்த குழந்தைக்கெனத் தனி மிதவைச் சட்டை உண்டு; இருபத்துநான்கு மணிக்கு மேற்பட்ட பயணத்தில் கப்பலிலுள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அது இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதைக் குழந்தைக்கு அணிவித்துக் காட்டும்படி எவரேனும் கேட்பாராயின், அணிவிக்க முயன்ற தந்தையின் முகக்குறியே போதிய சான்றாகக் கொள்ளப்படும்.

ஆவணம் பற்றிச் சிறிது. இந்தியக் கடவுச்சீட்டு குழந்தைகளுக்கு ஐந்தாண்டு செல்லும். மூன்றாம் திங்களில் எடுத்த படத்தின் முகம் கிட்டத்தட்ட ஐந்து வயது வரை ஒருவருடையதே என்று மூன்று நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். கையெழுத்திட வேண்டிய இடத்தில் கைநாட்டு. கப்பலேறும்போது ஒவ்வொரு பயணிக்கும் எடுக்கப்படும் அடையாளப் படத்தில், கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு அங்க அடையாளமாகப் பதிவாகிவிடுகிறது. மறுநாள் அது நெற்றியிலோ மற்றொரு கன்னத்திலோ இருப்பின் அதிகாரி ஒருகணம் தயங்குவது அவருடைய குற்றமன்று.

கப்பல் புறப்படும் முன்னோ புறப்பட்ட உடனேயோ ஆபத்துக்கால ஒத்திகை நடைபெறும். அப்போது ஒலிக்கப்படும் பொது அபாயச் சங்கு, ஏழோ அதற்கு மேலோ குற்றொலிகளும் அவற்றின்பின் ஒரு நெட்டொலியும் கொண்டது. தமிழ் யாப்பறிந்தோர்க்கு இது குறில் ஏழு அடுக்கி நெடில் ஒன்றால் முடியும் அமைப்பு எனப் புலப்படும். அந்நெடில் இரண்டு மாத்திரையில் அடங்காமையின் அளபெடை எனல் பொருந்தும். மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுது. உறக்கத்திலிருந்து இச்சங்கால் எழுப்பப்பட்ட குழந்தையின் மறுமொழியோ இதற்கு நேர்மாறாக, முதலில் ஓர் அளபெடை, பின் மூச்சை உள்ளிழுத்து நிறுத்திய நெடிய ஒலியின்மை, அதன்பின் எண்ணிலடங்காக் குறில் என அமையும். இடையிலுள்ள அவ்வொலியின்மையே மூன்றினுள்ளும் அச்சந்தருவது என்பதில் அனுபவமுடையோர் அனைவரும் ஒத்த கருத்தினர். அண்மைக்காலத்தில் பல கப்பல்கள் ஒத்திகையின் பெரும்பகுதியைக் கைப்பேசியிலும் கேபின் தொலைக்காட்சியிலும் பார்த்து முடித்துக்கொள்ளுமாறு மாற்றியமைத்தமை, சங்கின் தோல்வியை நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதன் அறிகுறி போலும்.

இக்கட்டுரையின் நடுப்பொருள் உறக்கம். தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடும் தாலாட்டு அதனால் பெயர்பெற்றது. ஆட்டு என்னும் பிற்பகுதி ஆடுதலை வேண்டுவது. கப்பல் இயல்பாகவே ஆடுவது. ஆகவே தொட்டில் இன்றியும் குழந்தை உறங்கும் என்னும் எதிர்பார்ப்பு, முதன்முறை செல்லும் பெற்றோரிடம் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வெதிர்பார்ப்பைக் கணக்கிட்டே மறுக்கலாம். பழைய புடவையை உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டித் தொங்கவிடும் ஏணை, தூளி என்றும் வழங்குவது, இயற்பியலார் கூறும் ஊசலே. ஊசல் ஒருமுறை போய்வரும் காலம் அதன் நீளத்தையே பற்றியது; குழந்தையின் எடையைப் பற்றியதன்று. கொக்கியிலிருந்து குழந்தை வரை ஒன்றரை மீட்டர் நீளம் எனின், ஏணை ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகும். தமிழ்க் குழந்தை பிறந்த நாள் தொட்டுப் பயின்ற தாளம் இதுவே. பெரிய சொகுசுக் கப்பலோ ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் சாய்ந்து மீளப் பதினைந்து முதல் இருபது விநாடி எடுத்துக்கொள்ளும். அச்சாய்வையும் குறைப்பதற்கென்றே நீருக்கடியில் மீனின் துடுப்புபோல இருபுறமும் நீளும் நிலைப்படுத்திகள் பொருத்தப்பட்டுள்ளன. பதினெட்டு விநாடித் தாளத்தில் ஆடும் ஏணை ஒன்று செய்ய வேண்டின், அதன் நீளம் எண்பது மீட்டர் ஆதல் வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவை பதினைந்தை முடிச்சிட்டு, 236 அடி உயர்ந்த திருவரங்கத்து இராசகோபுரத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டாலும் குழந்தை தரையில் இடிக்கும். கப்பலின் ஆட்டத்தைத் தாலாட்டு என்று கொள்வது எத்துணைப் பிழை என்பது இதனால் பெறப்படும். அந்த ஆட்டத்தில் அயர்ந்து உறங்குவோர் அதற்கெனப் பணம் கட்டிய பெரியவர்களே.

சரி, கேபினிலேயே ஏணை கட்டலாகாதோ எனின், கட்ட இடமில்லை. கேபின் என்பது பதினைந்து சதுர மீட்டர் அளவில், எஃகுச் சுவரும் பலகைக் கூரையும் கொண்டு, கட்டிலும் கழிப்பறையும் போக எஞ்சியதைத் தரை என்று பெயரிட்டு வழங்குவது. சுவரில் காந்தக் கொக்கி ஒட்டும். அது தொப்பியைத் தாங்கும், தலைவனைத் தாங்காது. முன்கூட்டிக் கேட்டால் நிறுவனம் ஒரு மடக்குத் தொட்டில் தரும். அதை விரித்தவுடன் தரை மறைந்துவிடும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் செல்வோர் தொட்டிலைத் தாண்டியே செல்ல வேண்டும். குழந்தை அதில் உறங்கிய பின் விளக்கேற்றக் கூடாது, பேசக் கூடாது, பெட்டியின் ஜிப்பைத் திறக்கக் கூடாது. இருபது தளங்களில் நாடக அரங்கும், இசையும், நீர்ச்சறுக்கும், நள்ளிரவு உணவும் ஒருங்கே நிகழ்கையில், அவற்றுக்கு முழுக்கட்டணம் செலுத்திய இருவர் இரவு எட்டு மணிக்கு இருட்டில் அசையாது அமர்ந்து, ஒருவர்க்கொருவர் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளும் நிலை இவ்வாறு உண்டாகிறது. பால்கனி உள்ள கேபினாயின் அவ்விருவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சென்று கடலைப் பார்த்துக் கிசுகிசுக்கலாம்; பால்கனிக்கெனக் கூடுதலாகச் செலுத்தும் தொகை கடற்காட்சிக்கு அன்று, இவ்வுரிமைக்கே. அமெரிக்கத் துறைகளுக்குச் செல்லும் கப்பல்களில் தளக் கைப்பிடி 42 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று 2010இல் சட்டமே இயற்றப்பட்டது. ஒன்றரை வயதுக் குழந்தையின் தலை அதற்குப் பலவிரற்கடை கீழே நிற்கும். எனினும் நாற்காலியை இழுத்து வரக் கற்ற குழந்தைக்கு எந்த உயரமும் போதாது. ஆதலால் பால்கனியில் நாற்காலி விடுத்து நின்றுகொண்டே கிசுகிசுப்பதும், கதவின் மேல்தாழைப் போட்டுவைப்பதும் முறை. இவ்வொன்றில் மட்டும் இக்கட்டுரைக்கு விளையாட்டு இல்லை.

காலம் பற்றிய சிக்கல் உறக்கத்தோடு ஒட்டியது. சிங்கப்பூரும் பினாங்கும் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியவை. புக்கெட் ஒன்றரை மணி முந்தியது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளிவைத்தது. ஒரு நாடு ஒருமுறை செய்த அதனை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. குழந்தை நாள்தோறும் அரைமணி நகர்வதை எவரும் குறிப்பதில்லை. சென்னையில் ஒன்பது மணிக்கு உறங்கும் குழந்தை கப்பலில் பதினொன்றரைக்கு உறங்கும் என்பது கணிதம்; அது எட்டு மணிக்கே உறங்கி அதிகாலை நான்கரைக்கு எழுகிறது என்பது நடைமுறை. கப்பல் நேரம், கரை நேரம், குழந்தை நேரம் எனக் காலம் மூவகைப்படும். முதலிரண்டும் மோதினால் கப்பல் நேரம் வெல்லும் என்று பயணக் குறிப்பேடு கூறும். மூன்றாவதைப் பற்றி அது வாய்திறப்பதில்லை.

நீராட்டல் அடுத்தது. கால் நீட்டி அமர்ந்த பாட்டி குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் விளாவி, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி உறங்கவைப்பது தமிழகத்து முறை. கப்பலின் குளியலறையில் கால் நீட்டினால் வாசலுக்கு வெளியே போகும். பெரும்பாலான கேபின்களில் பீச்சுகுழாய் மட்டுமே உண்டு. சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவத்தி ஆகியவை தீயாபத்துக் கருதித் தடை செய்யப்பட்டவை. வெந்நீர்க் கெட்டிலும் அவ்வாறே. மூன்றாயிரம் பேர் சென்று கூடவேண்டிய அபாயச் சங்கை ஒரு சிட்டிகைச் சாம்பிராணியால் எழுப்பிவிடக்கூடிய ஆற்றல் படைத்த ஒரே பயணி பாட்டி என்பதைப் பாதுகாப்பு நூல்கள் இன்னும் உணரவில்லை. நீச்சல்குளத்துக்குச் செல்லலாமே எனின், டயப்பர் அணிந்த குழந்தை குளத்தில் இறங்கலாகாது. நீச்சலுக்கெனத் தனியே விற்கப்படும் டயப்பருக்கும் விதிவிலக்கு இல்லை. 1975இல் தொடங்கிய அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டம் வகுத்த இவ்வொழுங்கை ஆசியக் கடலில் ஓடும் கப்பல்கள் பலவும் பின்பற்றுகின்றன. நோரோ வைரஸ் முதலிய வயிற்றுப்போக்குக் கிருமிகள் மூடிய கப்பலில் பரவினால் தளம் தளமாகப் படுக்கவைத்துவிடும் என்பதால் இவ்விதி தக்கதே. ஒரு சில பெருங்கப்பல்களில் இக்குழந்தைகளுக்கென்றே நீர் தெறிக்கும் சிற்றிடம் உண்டு. அஃதில்லாக் கப்பலில், நாற்புறமும் கடல் சூழ, மேல்தளத்தில் மூன்று குளங்கள் ததும்ப, கைகழுவும் தொட்டியில் குழந்தை குளிப்பாட்டப்படுகிறது. அது அதனாலேயே பெருமகிழ்ச்சி அடைகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சப்பாணி, முத்தம் ஆகிய பருவங்களை விரிப்பின் பெருகும். கைகொட்டலைக் குறிக்கும் முன்னது, நாடக அரங்கில் பிறர் கைகொட்டாத இடத்தில் நிகழும். பின்னதைப் பணியாளர்களும் அடுத்த கேபின் அத்தைமார்களும் வேண்டி நிற்பர். மேற்சொன்ன வைரஸ் சானிடைசருக்குப் பெரிதும் அடங்காது, சோப்பும் நீருமே வேண்டும் என்பதால், முத்தம் கேட்போரைக் கைகழுவும் தொட்டிக்கு வழிகாட்டுதல் பண்பாகும்.

சிறுபறை கொட்டுதல் உணவுக்கூடத்துக்கு உரியது. இரவுணவுக்கு ஐந்தரை மணி அளவில் ஒரு பந்தி, எட்டு மணி அளவில் ஒரு பந்தி எனக் கப்பல்கள் வகுத்துள்ளன. குழந்தைக்குப் பசிப்பது ஆறேமுக்கால். ஆகவே குடும்பம் பஃபே எனப்படும் எடுத்துண்ணும் கூடத்தையே நாடுகிறது. அங்கே நாசி லெமாக், ரொட்டி பராட்டா, பாஸ்தா, சூஷி, சைவ வட இந்திய உணவு என வரிசை நீள, அவற்றினின்று தட்டு நிரம்பக் கொணர்ந்த தாயின்முன் குழந்தை தயிர்ச்சோற்றுக்கு வாய்திறக்கும். தயிர் ஓரிடத்தில் இருக்கும், சோறு வேறிடத்தில் இருக்கும், உப்பு கிடைக்காது. இவற்றைச் சேர்த்துப் பிசைந்து முடிக்குமுன் தலைவன் கரண்டியைத் தட்டில் கொட்டிப் பறை முழக்கத் தொடங்கியிருப்பான். சத்துமாவுக் கஞ்சிக்கு வெந்நீர் கேட்டால் தேநீர்க் கோப்பையில் தருவர், ஓர் எலுமிச்சைத் துண்டோடு.

வருகை என்பது, தளர்நடை இடும் குழந்தையை வா என்று அழைக்கும் பருவம். கரையில் அழைத்தால் வரும். கப்பலில் அழைத்தால் எதிர்த்திசையில் போகும். நியூயார்க் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கேரன் அடால்ஃபும் உடனாய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள், தடையின்றி விளையாடும்போது, மணிக்குச் சராசரி 2,368 அடி எடுத்துவைத்து, 701 மீட்டர் கடந்து, 17 முறை விழுகின்றன. கடல்மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல்மைல் ஒரு நாட். ஆகவே குழந்தையின் வேகம் 0.38 நாட். கப்பல் பதினெட்டு நாட் செல்வது; எனினும் கப்பலைக் கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டறையில் சிலர் போதும். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் பெருங்கப்பலின் நீளம் 365 மீட்டர். ஒரு மணி நேரத்தில் குழந்தை அதன் முகப்பிலிருந்து கடைசி வரை சென்று ஏறக்குறைய முழுவதும் திரும்பியும் வந்துவிடும். ஒரே நிறத்தில் ஒரே கதவு நூற்றுக்கணக்கில் நிற்கும் அத்தகைய நடைக்கூடத்தில், ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டு செல்லும் குழந்தையின் பின்னே குனிந்தபடி மன்னிப்புக் கேட்டுச் செல்லும் தந்தையின் முதுகு அடையும் வளைவு தனியே அளக்கத்தக்கது. 17 விழுகையும் கரையில் நடக்கும்போதே நிகழ்பவையாதலின், கப்பல் ஆடியதால் விழுந்தது என்று பாட்டியிடம் தொலைபேசியில் கூறுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

குழந்தையின் கண்ணில் கப்பலின் கருவறை லிஃப்ட். பொத்தான் உண்டு, ஒளி உண்டு, கதவு தானே திறக்கும், திறந்தால் புது மனிதர்கள் நிற்பர். சில கப்பல்களில் லிஃப்டின் தரைவிரிப்பில் கிழமையின் பெயர் நெய்யப்பட்டு நள்ளிரவில் மாற்றப்படுவதுண்டு. விடுமுறை இன்பத்தில் நாள் மறந்தோர்க்கென ஏற்பட்ட இவ்வசதியை உண்மையில் பயன்கொள்வோர், அதிகாலை நான்கரைக்கு எழுந்து, உறங்கும் தாயைக் காக்கும்பொருட்டுக் குழந்தையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் தந்தையரே. தொல்காப்பியர் கூறாது விட்ட இடம் இதுவே. எதிரெதிர் லிஃப்டுகளின் கதவுகள் ஒருசேரத் திறக்கும்போது, இத்தகைய தந்தையர் இருவர் ஒருவரையொருவர் நோக்கித் தலையசைப்பர், சொல் இராது.

அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைப்பர். நடுக்கடலின் மேல்தளத்தைவிட நிலவுக்கு ஏற்ற மேடை உலகில் இல்லை. அங்கே தூக்கிச் சென்று சுட்டிக்காட்டினால் குழந்தை தளத்து விளக்கையே காட்டும். சிற்றில் இழைக்க மணல் வேண்டும். அது புக்கெட்டில் கிடைக்கும். பத்தோங் விரிகுடாவில் பெருங்கப்பல் கரையணையாது தள்ளி நங்கூரமிட, பயணிகள் சிறுபடகில் மாற்றிக் கொண்டுசெல்லப்படுவர். சிறுதேர் எனத்தக்க தள்ளுவண்டியை மடித்தால்தான் படகில் ஏற்றலாம். அதை மடிக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையிலும் குழந்தை. இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பதற்குள் படகு போய்விடுகிறது. கப்பலுக்குள்ளும் சிறுதேரை நடைக்கூடத்தில் நிறுத்தலாகாது. ஆபத்தில் ஓடும் வழி அது. கேபின் வாசலோ குறுகியது. தேர் நிலைக்கு வருவதில் உள்ள இடர்ப்பாட்டைத் திருவாரூரார் அறிவர்.

இருபத்தொன்றாம் திங்களோடு பிள்ளைத்தமிழ் முடிகிறது. பெரும்பாலான கப்பல்களில் குழந்தைகளை விட்டுவிட்டு வரக்கூடிய விளையாட்டுக்கூடம் மூன்று வயது நிரம்பி, டயப்பர் துறந்த குழந்தையையே ஏற்கும். சில கப்பல்களில் அதற்குக் குறைந்தவர்க்கு மணிக்கணக்கில் கட்டணம் பெறும் காப்பகம் உண்டெனினும், இடம் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும். இருபத்திரண்டு முதல் முப்பத்தாறு வரையுள்ள திங்களில் இருக்கும் மகவை இலக்கணமும் ஏற்பதில்லை, கப்பலின் விளையாட்டுக்கூடமும் ஏற்பதில்லை. அது ஓடவல்லது, மறுக்கவல்லது, லிஃப்ட் பொத்தான் அனைத்தையும் எட்டவல்லது. புலவர்கள் பாட்டை ஏன் அவ்விடத்தில் நிறுத்தினர் என்னும் நெடுநாள் ஐயத்துக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கலாம்.

கடல்மயக்கம் பற்றிக் கூறாது விடலாகாது. கண் காண்பதும் உட்காது உணர்வதும் முரண்படும்போது தோன்றும் குமட்டல் இது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இது அரிதாகவே தாக்குகிறது; பெரியவர்களே இஞ்சியும் மாத்திரையுமாகப் படுப்பர். அதனினும் நுட்பமானது, கப்பலை விட்டிறங்கிய பின் நிலம் ஆடுவதுபோல் ஓரிரு நாள் தோன்றும் கரைமயக்கம். சிங்கப்பூரிலிருந்து வீடு திரும்பிய முதலிரவில் ஏணை மீண்டும் கட்டப்படுகிறது. குழந்தை இரண்டரை விநாடித் தாளத்தில் இரண்டு ஆட்டத்துக்குள் உறங்கிவிடுகிறது. ஏணையின் ஒருபுறம் தாயும் மறுபுறம் தந்தையும் சற்றே கால் அகட்டி நின்றபடி, பதினெட்டு விநாடிக்கு ஒருமுறை, மெல்லச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருக்கின்றனர்.